தன் பேரைத் தானே சொன்ன ஊர்

சங்குப்பாடு கரை நிலையத்துக்குத் தன் பேரைத் தானே சொல்லிக்கொள்ளும் பெட்டியை மாட்டிய அன்று சாயங்காலம், ஏலக்கூடத்தில் நெத்திலிக்கு விலை கூவிக்கொண்டிருந்த மீனவர் சங்கத் தலைவர் கலிஸ்டஸ், கூடையின் விலையை ஏற்றிக்கொண்டே போனவர், நடுவில் குரலைக்கூட மாற்றாமல் "நான் கலிஸ்டஸ், பவுல் மகன், சங்குப்பாடு" என்று சொல்லிவிட்டு அடுத்த விலைக்குப் போய்விட்டார். சுற்றி நின்ற பெண்கள் அவருக்கு அன்றைக்கு என்னவோ குஷி என்று நினைத்துக்கொண்டார்கள். ஆனால் விலை கட்டாது என்று அவரோடு மல்லுக்கு நின்ற ஒருத்தி, சண்டையை முடித்துக் கூடையைத் தூக்கியபோது அவள் வாயும் தன் பேரையும் தன் அப்பன் பேரையும் ஊரையும் சொன்னது. அவளைக் கேலி பேசியவளின் வாயும் கேலி முடிந்ததும் சொன்னது. கோயிலில் திரிகால மணி அடிப்பதற்குள் டீக்கடையில், குழாயடியில், வலை காயும் மணலில் எல்லாம் ஆட்கள் தங்கள் பேரைத் தாங்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நினைத்துச் சொல்லவில்லை. கொட்டாவி வருவதுபோல அது வந்தது, வந்ததும் போனது.

அதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. ஒருவர் பேசிக்கொண்டே இருந்தால் இடையிடையே வாய் பேர் சொல்லும். பேச்சை முடித்தால் கடைசியாக ஒரு தடவை சொல்லும். வாயை மூடிக்கொண்டிருப்பவரிடமிருந்து ஒன்றும் வராது. ஊரில் மற்றவர்களுக்கு இது பிடிபட நாளானது. கரை நிலையத்தில் வயர்லெஸ் பேசும் பெர்னதெத்துக்கு மட்டும் அன்றைக்கே பிடிபட்டுவிட்டது, ஏனென்றால் மத்தியானம் அவள் அந்தப் பெட்டிக்கு வைத்துக்கொடுத்த ஒழுங்கு அதேதான்.

பெட்டி வந்த கதையில் விசேஷம் ஒன்றுமில்லை. சங்கக் கட்டடத்தின் மாடியில் ஒரு சின்ன அறை, அதில் ஒரு வயர்லெஸ், கூரைமேல் ஒரு ஏரியல், அவ்வளவுதான் கரை நிலையம். காற்றோ மழையோ, பிள்ளைக்குக் காய்ச்சலோ, ஐஸ் தீர்ந்ததோ, கடலில் நிற்கும் வள்ளங்களுக்கும் கரைக்கும் நடுவில் பெர்னதெத்தின் குரல்தான் போய்வந்தது. வயர்லெஸில் பேசுகிற நிலையம் எதுவானாலும் தன் பேரை அடிக்கடி சொல்ல வேண்டும் என்பது சட்டம். பெர்னதெத்துக்கு அது வாயில் தங்காது. கடலிலிருந்து ஒருவன் பதறிக் கூப்பிட்டால் அவள் நேரே அவன் பதற்றத்துக்குள் போய்விடுவாள், நிலையத்தின் பேரைச் சொல்ல மறந்துவிடும். பரிசோதனைக்கு வந்த அதிகாரி நல்ல மனுஷன், கோபப்படாமல், இப்படியே போனால் லைசென்ஸ் போய்விடும் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் சங்கம் அந்தப் பெட்டியை வாங்கியது.

உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. பெர்னதெத்தும் அவள் புருஷன் சந்தியாகுவும் சேர்ந்துதான் மாட்டினார்கள். அவன் ஊரின் எஞ்சின் மெக்கானிக், ஈயம் வைப்பதில் கை சுத்தம். மின்சாரத்துக்கு ஒரு வயர், மைக்கின் பேசும் பொத்தானுக்கு ஒரு வயர், குரலை உள்ளே கொண்டுபோக ஒரு வயர், இன்னொன்று காது மாதிரி: எதிரில் யாரும் பேசவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பெட்டி வாயைத் திறக்கும். எவ்வளவு இடைவெளியில் சொல்ல வேண்டும், பேச்சு முடிந்தபின் சொல்ல வேண்டுமா என்பதையெல்லாம் பெர்னதெத் சின்னச் சின்ன சுவிட்சுகளைத் தள்ளி வைத்தாள். பிறகு "இது சங்குப்பாடு கரை நிலையம்" என்று தன் குரலிலேயே பதிந்தாள். முதல் தடவை குரல் பிளந்து தகரம் மாதிரி கேட்டது. சந்தியாகு ஒரு திருகைத் திருப்ப, அவள் கொஞ்சம் என்றும் இன்னும் கொஞ்சம் என்றும் சொல்ல, கடலில் இருந்த ஒரு வள்ளம் "இப்ப தெளிவா கேக்குதுக்கா" என்றது. எர்த் கம்பியை ஊரே தண்ணீர் எடுக்கும் கிணற்று ஓரத்தின் ஈர மணலில் இறக்கியிருந்தார்கள். எல்லாம் அதனால் வந்தது என்று பிறகு சிலர் சொன்னார்கள். பரிசோதித்துப் பார்க்க யாரும் மெனக்கெடவில்லை.

அன்று சாயங்காலம் மாடி ஜன்னல் வழியாகக் கலிஸ்டஸின் குரலைக் கேட்டு பெர்னதெத் சிரித்தாள். "கேட்டீங்களா, தலைவருக்கு என்ன ஆச்சுன்னு" என்று புருஷனிடம் சொல்லி முடித்ததும் அவள் வாய் "நான் பெர்னதெத், தொம்மை மகள், சங்குப்பாடு" என்றது. ஏதோ சொல்ல வாயெடுத்த சந்தியாகு அவள் உதடுகளைப் பார்த்தான். பிறகு தன் வாயை மூடிக்கொண்டான்.

ஊர் அந்த அதிசயத்தோடு குடித்தனம் நடத்தப் பழகியது. பள்ளிக்கூடத்து டீச்சர் ஆஜர் எடுப்பதை நிறுத்திவிட்டார். பிறந்ததிலிருந்து கோழி என்றே கூப்பிடப்பட்ட ஒரு கிழவர், தன் ஞானஸ்நானப் பேர் ஹென்றி நேவிஸ் என்பதைப் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து தானும் தெரிந்துகொண்டார். அதன்பிறகு ஒரு மாதிரி நிமிர்ந்து நடந்தார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் திரைக்குப் பின்னால் கிசுகிசுத்தவர்களின் வாய் கடைசியில் பேரையும் ஊரையும் சொன்னதால் கொஞ்ச நாள் எல்லோரும் பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் பஸ் ஏறிப் போனார்கள். அங்கே இருந்த சாமியார் ரொம்பக் கண்டிக்கவும் திரும்பி வந்துவிட்டார்கள். தங்கள் பங்குச்சாமியாருக்குக் குரலை வைத்தே ஆள் தெரியும் என்பது எப்போதும் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். காதலிக்கிறவர்கள் செல்போனில் பேசுவதை விட்டு எழுத ஆரம்பித்தார்கள். ஓட்டுக் கேட்க வந்த ஒருவர், நானும் இந்த மண்ணின் மைந்தன் என்று மைக்கில் முழங்கிக்கொண்டிருக்கும்போதே அவர் வாய் வேறு ஜில்லாவின் ஊர் ஒன்றைச் சொல்லியது. ஜனங்கள் அதற்கும் கைதட்டினார்கள், அவரும் கும்பிட்டார்.

ஊர் எல்லையில் உப்பளத்தைத் தாண்டினால் வாய் சும்மா இருந்தது. தரையில் வயர்லெஸின் அலை அதற்குமேல் எட்டாது.

பெட்டியைக் கழற்றிவிடலாமா என்று சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். ஆண்கள் பாதிப்பேர் கழற்றச் சொன்னார்கள். பெண்கள் எழுந்து நின்று கூடாது என்றார்கள். வள்ளத்திலிருந்து வயர்லெஸில் பேசுகிறவன் முன்பெல்லாம் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போய்விடுவான். இப்போது அவன் வாய் அவன் பேரையும் சொல்வதால், மாடிப்படியில் வந்து உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டிக்குத் தன் புருஷன் உயிரோடு இருப்பது தெரிந்துவிடுகிறது. அத்தோடு கூட்டம் கலைந்தது. பெட்டி இருந்தது.

இந்த நாட்களில் சந்தியாகு ஒரு வார்த்தை பேசவில்லை. முதலில் யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அவன் எப்போதுமே அளந்து பேசுகிறவன். கேட்டதற்குத் தலையாட்டுவான், ஸ்பேனரை நீட்டுவான், சாப்பாடு போதும் என்று கையைக் காட்டுவான். பெர்னதெத் தொண்டைக்கட்டு என்று நினைத்து மிளகுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். தீரவில்லை என்றதும் டவுனுக்கு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்க, சந்தியாகு தெளிவான குரலில், கொஞ்சம் கரகரப்பு, வேறொன்றுமில்லை என்றான். பெர்னதெத் திடுக்கிட்டு அவனைப் பார்த்தாள். டாக்டரிடம் பேசினான், மருந்துக்கடையில் பேசினான், திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் வேண்டுமா என்றுகூடக் கேட்டான். உப்பளத்தின் வெள்ளைக் குவியல்கள் தெரிய ஆரம்பித்ததும் அவன் உதடுகள் ஒட்டிக்கொண்டன.

அவன் சொல்ல விரும்பாத பேர் ஒன்று அவனுக்குள் இருக்கிறது என்று அந்தப் பஸ்ஸில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேறெங்கோ ஒரு பெண்டாட்டி இருப்பாள், பிள்ளைகள்கூட இருக்கலாம் என்று நினைத்தாள். அதற்குமேல் மோசமாக நினைக்க அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. மாடிக்குப் போய் ஒரு வயரைப் பிடுங்கினால் அவன் மறுபடி பேசுவான் என்பது அவளுக்குத் தெரியும். அதையும் அவள் செய்யவில்லை. தினமும் காலையில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மாடியேறினாள்.

சந்தியாகு அந்த ஊர்க்காரன் இல்லை. பெர்னதெத்தின் அண்ணன் லியோன் கடலில் செத்ததற்கு மறுவருஷம் வந்தவன். லியோன் விடியக்காலை மூடுபனியில் தனியாக வள்ளத்தில் நின்றபோது, பெரிய துறைமுகத்து விசைப்படகு ஒன்று கரைப்பக்கம் வரக்கூடாத தூரத்துக்கு வந்து, வள்ளத்தைப் பிளந்துபோட்டுவிட்டுப் போயிற்று. உடல் தலையில் காயத்தோடு சில நாள் கழித்து ஒதுங்கியது. அடித்த அடியிலேயே போயிருப்பான், வலி தெரிந்திருக்காது என்று அப்போதைய பங்குச்சாமியார் லியோனின் பெண்டாட்டி செலஸ்தியிடம் சொன்னார். கைக்குழந்தையோடு நின்ற செலஸ்தி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பிழைத்தாள். படகை ஓட்டியவன் தலைமறைவாகிவிட்டான் என்றும் அவன் பேர் கஸ்பார் என்றும் போலீஸ் சொன்னது. அதன்பிறகு சங்குப்பாட்டில் எந்தப் பிள்ளைக்கும் அந்தப் பேர் வைக்கவில்லை. கிறிஸ்துமஸ் குடிலில் மூன்று ராஜாக்களில் ஒருவரின் பேர் கஸ்பார் என்பதால், ஊரார் அந்தச் சிலையைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு இரண்டு ராஜாக்களை மட்டும் வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் ஒருவர் வழியில் நின்றுவிட்டார் என்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஐஸ் உடைக்கும் இயந்திரம் நின்றுபோய் மீனெல்லாம் கெட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், பஸ்ஸிலிருந்து இறங்கிய அந்த வாலிபன் யாரும் கூப்பிடாமல் அதன் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து அதை ஓடவைத்தான். பேர் கேட்டதற்குச் சந்தியாகு என்றான். சோறு போட்டார்கள். அடுத்த நாளும் ஒரு வேலை இருந்தது. இப்படியே அவன் தங்கிவிட்டான். செலஸ்தியின் கூரையை வருஷா வருஷம் மாற்றிப்போட்டது அவன்தான், அவள் மகன் அமலன் வள்ளத்தில் போகும் வயது வந்ததும் அவனுக்கு நல்ல எஞ்சினாகப் பார்த்து வாங்கிக்கொடுத்ததும் அவன்தான். அவன் மட்டும் கடலில் கால் வைக்கமாட்டான், தலைசுற்றும் என்பான். மெக்கானிக்குக்குக் கடல் ஆகாது என்று ஊர் சிரிக்கும். பெர்னதெத்தைக் கட்டும்போது, புயலில் எங்கள் பங்கின் பதிவேடு போய்விட்டது சாமி என்று அவன் சொன்னதைச் சாமியார் நம்பினார். பெர்னதெத்தும் நம்பினாள். அவளுக்கு அவனிடம் பிடித்ததே, எண்ணெய்க் கையைத் துடைக்காமல் எதையும் தொடமாட்டான் என்பதுதான்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் காற்று திடீரென்று திரும்பியது. கடலில் நின்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருக்க, அமலனின் வள்ளத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. காற்று அவனையும் கூட இருந்தவர்களையும் பாருக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. கடலுக்கடியில் கிடக்கும் அந்தப் பாறைத்திட்டில் அலை உடைவது தங்களுக்குத் தெரிகிறது என்று அமலன் வயர்லெஸில் சொன்னான். நங்கூரம் பிடிக்கவில்லை. பக்கத்தில் வேறு வள்ளம் இல்லை. பெர்னதெத் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டாள். டீசல் இருக்கிறது, சுற்றினால் சுற்றுகிறது, பிடிக்கமாட்டேன் என்கிறது என்றான். அறைக்குள்ளும் படியிலும் பெண்கள் நிறைந்துவிட்டார்கள். செலஸ்தி வந்து வயர்லெஸ் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லி யாரோ ஓடுவதற்குள் சந்தியாகு படியேறி வந்துகொண்டிருந்தான்.

பெர்னதெத் எழுந்து இடம் கொடுத்தாள். அவன் மைக்கை எடுத்தான். கையைத் துடைத்திருக்கவில்லை. பொத்தானை அழுத்தினான், பேசவில்லை, விட்டுவிட்டான்.

"மாமா, நீங்களா?" என்றது அமலனின் குரல். "ஏதாவது சொல்லுங்க மாமா. அலை ரொம்பக் கிட்ட கேக்குது."

சந்தியாகு ஒரு தடவை பெர்னதெத்தைப் பார்த்தான். அவள் அந்தப் பார்வையைப் பிறகு பல நாள் நினைத்துப் பார்த்தாள், என்ன இருந்தது என்று அவளால் சொல்ல முடிந்ததே இல்லை. அவன் பொத்தானை அழுத்திப் பேச ஆரம்பித்தான். டீசல் லைனில் காற்று பிடித்திருக்கிறது, பயப்படாதே என்றான். ஃபில்டர் தலையில் இருக்கும் சின்ன நட்டைத் தளர்த்து, முழுசாகக் கழற்றாதே, கைப்பம்பை அடித்துக்கொண்டே இரு, நுரை நுரையாக வரும், நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை அடி என்று, பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற நிதானத்தோடு சொல்லிக்கொண்டே வந்தவனின் வாய், குரலைக் கொஞ்சமும் மாற்றாமல், "நான் கஸ்பார், மிக்கேலப்பன் மகன், புன்னைத்துறை" என்றது.

சொல்லிவிட்டு, நட்டை இறுக்கு என்றது.

அறையில் நின்ற ஒருத்தியின் கையிலிருந்த செபமாலை அப்படியே பாதி வழியில் நின்றது. வயர்லெஸில் கொஞ்ச நேரம் காற்றின் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு அமலன், "மாமா, இப்ப என்ன சொன்னீங்க?" என்று கேட்டான்.

"அடுத்து எஞ்சின் பக்கம் போற குழாயோட நட்டு. அதைத் தளர்த்து. கை நிக்கக்கூடாது."

அவன் சொல்லச் சொல்ல அமலன் செய்தான். நடுவில் அந்தப் பேர் மறுபடி வந்தது, மறுபடியும் வந்தது, கரைக்கு வந்துகொண்டிருந்த எல்லா வள்ளங்களிலும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் அவன் ஒரு கணம்கூட நிற்காமல் அடுத்த வேலைக்குப் போனான். கடைசியில் இரைச்சலுக்குள் எஞ்சின் இருமியது, அணைந்தது, மறுபடி இருமிப் பிடித்துக்கொண்டது. தெற்கே வெட்டித் திரும்பு, பாருக்கு முதுகு காட்டிவிட்டு வா என்று சொல்லி அவன் பேச்சை முடித்தான். முடித்ததும் வாய் கடைசியாக ஒரு தடவை தன் பேரைச் சொன்னது. மைக்கை அதன் கொக்கியில் மாட்டினான்.

எதிரில் யாரும் பேசவில்லை என்று தெரிந்துகொண்ட பெட்டி, பெர்னதெத்தின் குரலில், "இது சங்குப்பாடு கரை நிலையம்" என்றது.

பெர்னதெத்துக்கு அந்தக் குரல் யாருடையது என்று புரியவில்லை. பக்கத்தில் நின்ற புருஷனின் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பொத்தானை அவள்தான் தைத்திருந்தாள். அவன் கூட்டத்துக்கு நடுவில் இறங்கிப் போனான். பெண்கள் வழி விட்டார்கள். அவன் சேலையில் படக்கூடாது என்பதுபோல ஒதுங்கி வழி விட்டார்கள்.

அவன் ஓடவில்லை. கரையில் வள்ளம் இழுக்கும் ராட்டினத்தின் அடியில் போய் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்த வள்ளங்களிலிருந்து ஆண்கள் துடுப்போடு இறங்கி வந்து அவனைச் சுற்றி நின்றார்கள். கலிஸ்டஸ் அவன் முன்னால் வந்து, கையை ஓங்கி, ஓங்கிய கையைத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். அமலனின் வள்ளம் கரை தட்டியது. அவனும் இறங்கி வந்து, டீசல் வழியும் கையோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். செலஸ்தி எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்து மணலில், ராட்டினத்தடியில் இருந்தவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"தம்பி" என்று பழக்கத்தில் ஆரம்பித்தவள் நிறுத்தினாள். பிறகு, "அன்னைக்கு என்ன நடந்துச்சு? ஒண்ணும் விடாமச் சொல்லுங்க" என்றாள். கொடுத்துப் பழகிய மரியாதையைத் திரும்ப எடுக்கவும் அவளுக்கு வரவில்லை.

அவன் சொன்னான். கரைப்பக்கம் வலை இழுத்தால் இறால் அதிகம் என்று முதலாளி அனுப்பியிருந்தார். பனியில் ஒன்றும் தெரியவில்லை. மரம் உடைகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது வள்ளம் இரண்டாகக் கிடந்தது, ஒரு ஆள் மிதப்புக் கேனைப் பிடித்துக்கொண்டு இருந்தார். தலையிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கையைத் தூக்கினார்.

அவன் வாய், நான் கஸ்பார், மிக்கேலப்பன் மகன், புன்னைத்துறை என்றது. அவன் தொடர்ந்தான். வயர்லெஸில் முதலாளியிடம் சொன்னேன், நிற்காதே, படகைக் கொளுத்திவிடுவார்கள், வந்துவிடு என்றார். விலாங்கு மாதிரி படகு வழுக்கிக்கொண்டு போனது. இந்தக் கரை நிலையத்தைக் கூப்பிடலாம் என்று மைக்கை எடுத்தேன். கூப்பிட்டிருந்தால் யாராவது வந்திருப்பார்கள், காப்பாற்றியிருப்பார்கள். பொத்தானை அழுத்தினேன். யார் பேசுவது என்று கேட்பார்களே என்று நினைத்தேன். விட்டுவிட்டேன்.

பிறகு தூங்க முடியாமல், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த ஊருக்கு வந்ததாகவும், பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஐஸ் இயந்திரம் நின்றுகிடந்ததாகவும், அதை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்ததாகவும், சாப்பாடு போட்டபோது சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்ததாகவும் சொன்னான். அவ்வளவுதான் என்றான். வாய் மறுபடி பேரைச் சொன்னது.

செலஸ்தி வெகுநேரம் அவன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்தக் கையைத் தூக்கினாரு?" என்று கேட்டாள்.

"இடது கை."

அவள் தலையாட்டினாள். "வலது தோள் அவருக்கு இறங்கிப்போயிருந்துச்சு. தூக்க வராது" என்றாள், கூட்டத்துக்குச் சாட்சி சொல்வதுபோல. அத்தனை வருஷமாக அவள் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு வார்த்தை அப்போது அவள் கையைவிட்டுப் போனதை எல்லோரும் பார்த்தார்கள். அவள் வாய் அவள் பேரைச் சொன்னது. எழுந்து, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டாமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அமலன் முன்னால் வந்தான். அடிக்கப்போகிறான் என்று சிலர் நினைத்தார்கள், அடிக்கட்டும் என்று சிலர் நினைத்தார்கள். அவன் "மாமா" என்றான். அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் வரவில்லை. பேச்சு முடிந்துவிட்டது என்று அவன் வாய் எடுத்துக்கொண்டு, "நான் அமலன், லியோன் மகன், சங்குப்பாடு" என்றது.

அதுவரைக்கும் குனியாமல் உட்கார்ந்திருந்த கஸ்பார் அப்போது முகத்தை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டான். துடுப்புகளை ஓங்கிப் பிடித்திருந்தவர்கள் அவற்றை மணலில் ஊன்றிக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில், அலை ஏறுகிறது என்று யாரோ சொல்ல, வள்ளங்களை மேலே இழுக்கப் போனார்கள்.

பெர்னதெத் மாடியிலேயே இருந்தாள். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. பெட்டியைப் பிடுங்கிக் கடலில் எறியலாம் என்று அவள் கை ஒரு தடவை வயர்வரை போனது. இன்னும் சில வள்ளங்கள் வர வேண்டியிருந்தது. அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, கடைசி வள்ளம் கரை சேர்ந்தபின்தான் இறங்கினாள். அவள் அண்ணன் தூக்கிய கை அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்த மனுஷனுக்கு இத்தனை வருஷம் சோறு போட்டேன், அவன் நெஞ்சில் தலை வைத்துத் தூங்கினேன் என்று நினைத்தாள். கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். எங்கே போகிறான் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. துணைக்கு வருவதாகக் கலிஸ்டஸ் சொன்னதற்கு பெர்னதெத் வேண்டாம் என்றாள். அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவன் பின்னால் வந்தபோது, அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தான். பஸ்ஸில் அவன் முன் சீட்டில் உட்கார்ந்தான், அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். உப்பளம் வந்தது, போனது. இருவருமே வாயைத் திறக்கவில்லை.

டவுன் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் இளவயது ஆள். இந்த வழக்கு நடந்தபோது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். பழைய கோப்பைத் தேடி எடுக்க ஆள் அனுப்பிவிட்டு, உட்காரச் சொல்லி, பேர் என்ன என்று கேட்டார். அலை எட்டாத இடம் அது. யாரும் அவன் வாயைத் திறக்கவைக்கவில்லை. அவன் "கஸ்பார். அப்பா பேர் மிக்கேலப்பன். ஊர் புன்னைத்துறை" என்றான். சொல்வதற்கு அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ரைட்டர் எழுதிக்கொண்டார். பிறகு சுவரோரம் நின்ற பெர்னதெத்தைப் பார்த்து, "நீங்க இவருக்கு என்ன வேணும்மா?" என்று கேட்டார்.

அவள் வாய் தானாக எதுவும் சொல்லவில்லை. சொல்லும் என்று அவள் காத்திருந்ததுபோல நின்றாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ரைட்டர் பேனாவைப் பிடித்தபடி இருந்தார்.

"செத்துப்போனவருக்குத் தங்கச்சி" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இவருக்குப் பொண்டாட்டி."

ரைட்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுதப்போய் நிறுத்தி, எதை முதலில் எழுதட்டும் என்று தணிந்த குரலில் கேட்டார்.

"சொன்ன வரிசையிலயே எழுதுங்க" என்றாள் பெர்னதெத்.